காட்டு நெல்லியும் காய் பறிக்கும் கையும்

மார்கழி பிறந்துவிட்டால் மலையடிவாரச் சந்தைகளில் காட்டு நெல்லி வந்து குவிகின்றது. தோட்டத்து ஒட்டு நெல்லியைப்போல் இது பெரியதாக இருப்பதில்லை. கோலிக்குண்டு அளவே இருக்கும். துவர்ப்பும் புளிப்பும் மிகுதி. ஆனால் ஊறுகாய்க்கும் மருந்துக்கும் இதையே தேடி வாங்குவோர் உண்டு. இந்தக் காயைக் கூறு கட்டி விற்கும் பெண்மணி அதைப் பயிர் செய்யவில்லை. காட்டுக்குள் பல கல் தொலைவு நடந்து, மரமேறிப் பறித்துச் சுமந்து வந்திருக்கின்றார். அவருடைய குடும்பத்துக்கு ஆண்டில் கையில் புரளும் ரொக்கப் பணத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு மூன்று மாதங்களில் கிடைப்பதுதான்.

இவ்வாறு ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாகக் காயைப் பறித்துக்கொண்டே இருந்தால் காட்டில் நெல்லி மரம் மிஞ்சுமா என்ற கேள்வி எழுவது இயற்கையே. மிஞ்சாது, ஆகவே பறிப்பதையே தடுத்துவிட வேண்டும் என்பார் ஒரு சாரார். காய் பறித்தால் மரத்துக்கு என்ன குறைந்துவிடும், அடுத்த ஆண்டு மறுபடியும் காய்க்கத்தானே போகிறது என்பார் மற்றொரு சாரார். நானும் மாணவனாக இருந்த நாளில் முதல் கட்சியில் இருந்தவன்தான். வேளாண்மைப் பாடத்தில் அறுவடை என்றால் வயலிலிருந்து சத்தை எடுப்பது. எடுத்ததைத் திருப்பிப் போடாவிட்டால் நிலம் கெடும் என்று படித்ததை அப்படியே காட்டுக்கும் பொருத்திப் பார்த்தேன். காட்டின் கணக்கு வயலின் கணக்கு அன்று என்பது பின்னரே தெரிந்தது.

நம்மில் பலருக்குக் காட்டோரத்தில் நிலம் இருக்கின்றது. ஆடு மாடு காட்டுக்குள் மேய்கின்றன. சீமாறுக்கு ஈஞ்சும், தலைக்குச் சீயக்காயும், ஊறுகாய்க்கு மாகாளிக் கிழங்கும் காட்டிலிருந்துதான் வருகின்றன. ஆகவே இது மலைவாழ் மக்களைப் பற்றிய செய்தி மட்டும் என்று எண்ண வேண்டியதில்லை.

எந்த உறுப்பை எடுக்கிறோம்?

காட்டுப் பொருள் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு எடுக்கிறோம் என்பதன்று. செடியின் எந்த உறுப்பை எடுக்கிறோம் என்பதே.

மாகாளிக் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு கொடியின் வேர். மண்ணைத் தோண்டி வேரை எடுத்தால் பெரும்பாலும் கொடி செத்துவிடும். ஒரு கிழங்கு எடுப்பது ஒரு தாய்ச்செடியை அறுப்பதற்குச் சமம். பாறை இடுக்கில் எட்டாமல் போன வேரிலிருந்து சில சமயம் மறுதளிர் வரலாம். அதை நம்பி ஊறுகாய்த் தொழில் நடத்த முடியாது. மரமஞ்சளும் இவ்வாறே. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் பெருமரங்களைப் பற்றி ஏறும் இந்தக் கொடியின் தண்டைத்தான் மருந்துக்கு வெட்டுகின்றனர். இது மிக மெதுவாக வளர்வது. பூத்துக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஒரு பகுதியில் பெண் கொடிகளை வெட்டிவிட்டால் எஞ்சிய ஆண் கொடிகள் எத்தனை இருந்தும் பயனில்லை. மரமஞ்சள் இன்று பல இடங்களில் அருகிப் போனதற்கு இதுவே காரணம்.

பட்டை, பிசின் எடுப்பது நடுத்தரமான கேடு. மரத்தைச் சுற்றி முழு வளையமாகப் பட்டை உரித்தால் இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்கும் வழி அடைபட்டு மரம் காய்ந்துபோகும். ஒரு பக்கம் மட்டும் சிறு பட்டையாக உரித்து, ஆறும்வரை விட்டுவைத்தால் பிழைக்கும். கருங்குங்கிலியம் போன்ற பிசின் மரங்களில் அடிமரத்தை ஆழமாக வெட்டித் தீ மூட்டிப் பிசின் வடியச் செய்வதும் உண்டு. அப்படிச் செய்த மரம் நாளடைவில் உளுத்து விழும்.

காய், கனி, விதை, இலை இவற்றை எடுப்பது ஒப்புநோக்கக் குறைந்த கேடு. மரம் உயிரோடு நிற்கின்றது. ஆனால் ஒரு நிபந்தனை: மரத்தை வெட்டாமல் எடுக்க வேண்டும். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் இக்கிடோஸ் நகரைச் சுற்றியுள்ள காடுகளில் அகுவாஹே என்றொரு பனை இனம் இருக்கின்றது. அதன் பழத்துக்கு அந்நகரத்தில் நல்ல கிராக்கி. உயரமான அந்தப் பனையில் ஏறுவது கடினமாகையால், பழத்துக்காக மரத்தையே வெட்டிச் சாய்ப்பது அங்கே வழக்கமாயிற்று. அந்தப் பனையிலும் ஆண் வேறு, பெண் வேறு. பழம் தருபவை பெண் மரங்கள், வெட்டப்பட்டவையும் அவையே. நகரத்துக்கு அருகில் உள்ள சதுப்புகளில் காய்க்காத ஆண் மரங்களே மிஞ்சின. பிறகு மரம் வெட்டாமல் ஏறிப் பறிக்கும் கயிற்றுக் கருவிகளை அங்குள்ளோருக்குப் பழக்க வேண்டியதாயிற்று. நம் ஊர்ப் பனையேறிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

விதைக் கணக்கு

காயைப் பறிப்பது விதையைப் பறிப்பதுதானே, விதை இல்லாமல் கன்று எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு காட்டு நெல்லி மரம் ஆண்டுக்கு 1,000 காய் காய்ப்பதாகவும், 40 ஆண்டுகள் காய்ப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 40,000 காய். ஒரு கொட்டைக்குள் ஆறு விதைகள் இருக்கும். ஆக 2,40,000 விதைகள். இந்த மரம் சாகும்போது அதன் இடத்தில் இன்னொரு மரம் நிற்க வேண்டுமானால் இவற்றுள் ஒரே ஒரு விதை பெரிய மரமானால் போதும். மற்றவை எல்லாம் பூச்சி தின்றும், வெயிலில் காய்ந்தும், மான் மேய்ந்தும், நெருப்பில் பட்டும் போகவேண்டியவையே. ஆகவே காயில் பாதிக்கு மேல் பறித்தாலும் மரங்களின் எண்ணிக்கை உடனே குறைந்துவிடுவதில்லை. ஆனால் காய்க்கும் மரம் ஒன்றை வெட்டினால் எஞ்சிய ஆண்டுகளின் விதை முழுவதும் ஒரே நாளில் போய்விடுகின்றது. நீண்ட நாள் வாழும் மரங்களுக்கெல்லாம் இந்த விதி பொருந்தும். அவற்றின் எதிர்காலம் ஓராண்டின் விதையைவிடப் பெரிய மரங்கள் உயிரோடு இருப்பதையே மிகுதியும் பொறுத்திருக்கின்றது.

இதைக் கேட்டு எல்லாவற்றையும் துடைத்துப் பறிக்கலாம் என்று எண்ணிவிடக்கூடாது. அமேசான் காடுகளில் பிரேசில் கொட்டை மரங்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2003-ஆம் ஆண்டு வெளியாயிற்று. பல பத்தாண்டுகளாக இடைவிடாது கொட்டை பொறுக்கப்பட்ட இடங்களில் பெரிய, வயதான மரங்கள் நிறைய இருந்தன, இளமரங்களைக் காணவில்லை. வெளிப்பார்வைக்கு அது செழித்த காடு. உண்மையில் பிள்ளைகள் இல்லாத ஊர். மரத்தின் ஆயுள் நீண்டது என்பதால் இந்தக் குறை வெளியே தெரிய ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும்.

நெல்லியில் இன்னொரு செய்தியும் உண்டு. கீழே விழுந்த நெல்லிக்காயைப் புள்ளிமான் முதலிய அசைபோடும் விலங்குகள் விரும்பி உண்கின்றன. அவை காயை விழுங்கி, பிறகு ஓரிடத்தில் படுத்து அசைபோடும்போது சதை நீங்கிய கொட்டையைத் துப்பிவிடுகின்றன. சதை நீங்கிய கொட்டை வெயிலில் காய்ந்து தானே வெடித்து விதைகளைச் சிதறுகின்றது. தாய்மரத்தின் நிழலுக்கு அப்பால் நெல்லி பரவுவது பெரும்பாலும் இவ்வாறுதான். மரத்தில் காயே மிஞ்சவில்லையென்றால் மானுக்கும் தீனி இல்லை, விதையைச் சுமப்பாரும் இல்லை. கிளை நுனியில் கைக்கெட்டாத காயை விட்டுவிடுவது சோம்பல் அன்று.

பிலிகிரி ரங்கன் மலையின் அனுபவம்

நமது சத்தியமங்கலம், தாளவாடிக் காடுகளை ஒட்டி, கர்நாடக மாநிலம் சாமராஜநகர் மாவட்டத்தில் பிலிகிரி ரங்கன் மலை இருக்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடம் அது. அங்குள்ள பழங்குடியினர் சோளகர். நம் ஈரோடு மாவட்ட மலைகளிலும் சோளகர் ஊர்கள் உண்டு. முன்னர் அவர்கள் காட்டில் இடம் மாற்றி மாற்றிக் கேழ்வரகும் மற்றப் பயிர்களும் விளைவித்து வந்தனர். 1974-இல் அந்தக் காடு வன உயிரினச் சரணாலயமாக்கப்பட்டது. இடம் மாற்றிப் பயிரிடுவதும், காட்டுக்குத் தீயிடுவதும் நிறுத்தப்பட்டன. சோளகர் நிலையான ஊர்களில் குடியமர்ந்தனர். கையகல நிலத்தில் விளைவது போதாமையால் தேன், நெல்லி, கல்பாசி, சீயக்காய், மாகாளிக் கிழங்கு முதலியவற்றைச் சேகரித்து லேம்ப்ஸ் எனப்படும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு விற்று வந்தனர். 1990-களில் அங்கு எடுக்கப்பட்ட கணக்குப்படி, ஒரு குடும்பத்தின் ரொக்க வருவாயில் ஏறத்தாழப் பாதியும், சில ஊர்களில் அதற்கு மேலும் இந்தச் சிறுவன மகசூலிலிருந்தே கிடைத்தது.

பெங்களூரைச் சேர்ந்த அசோகா சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அறக்கட்டளையினரும், பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழக அறிஞர்களும், அங்குள்ள விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தினரும் இந்த மலையில் பல ஆண்டுகள் நெல்லியை ஆராய்ந்தனர். சோளகரையும் உடன் சேர்த்துக்கொண்டனர் என்பது இதில் சிறப்பு. பருவம் தொடங்குமுன் மரங்களில் காய் எவ்வளவு என்று கூட்டாக மதிப்பிட்டு, பறித்தபின் எவ்வளவு வந்தது, எவ்வளவு மிஞ்சியது என்று பதிந்து வந்தனர்.

அங்கு இருவகை நெல்லி இருக்கின்றன. ஒன்று நாம் அறிந்த நெல்லி. மற்றொன்று வறண்ட புதர்க்காட்டில் வளரும், சற்றுப் பெரிய காயுள்ள வகை. இரண்டின் எண்ணிக்கையும் குறைந்து வருவதாக ஆய்வில் தெரிந்தது. காய் பறிப்பதே காரணம் என்றுதான் யாரும் முதலில் முடிவு கட்டுவார்கள். ஆனால் மரங்களைத் தனித்தனியே எண்ணிட்டு, பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து பார்த்தபோது காய் பறிப்பு ஒன்றையே குற்றம் சொல்ல முடியவில்லை. வேறு இரண்டு பகைகள் காட்டுக்குள் நுழைந்திருந்தன.

புல்லுருவி

முதற்பகை புல்லுருவி. மாமரத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மரத்தின் கிளைக்குள் தன் வேரைச் செலுத்தி, நீரையும் உப்புச் சத்தையும் உறிஞ்சிக்கொண்டு, தன் இலையில் உணவு தயாரித்துக்கொள்ளும் ஒட்டுண்ணி அது. அதன் பழத்தைப் பூக்கொத்திச் சிட்டுகள் உண்கின்றன. விதையைச் சுற்றிப் பசை இருப்பதால் எச்சத்தோடு வரும் விதை கிளையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே முளைக்கின்றது. பழம் உள்ள மரத்துக்கே சிட்டுகள் மீண்டும் மீண்டும் வருவதால் பீடித்த மரமே மேலும் பீடிக்கப்படுகின்றது.

பிலிகிரி ரங்கன் மலையில் புல்லுருவி பிடித்த நெல்லி மரங்கள் காய்ப்பு குறைந்து, கிளை காய்ந்து, கடைசியில் செத்தும் போயின. முன் கணக்கை நினைவுகூருங்கள்: காய் குறைவதை மரம் தாங்கும்; பெரிய மரங்கள் சாவதை அந்த மரக்கூட்டம் தாங்காது.

இதில் சோளகர் சொன்ன செய்தி ஆராய்ச்சியாளர்களின் கண்ணைத் திறந்தது. தாங்கள் ஆண்டுதோறும் தை, மாசியில் காட்டுத் தரையிலுள்ள சருகுக்கு இலேசாகத் தீயிடுவது வழக்கம் என்றும், அந்தத் தீ நின்றபிறகே புல்லுருவி இவ்வளவு பெருகியது என்றும் அவர்கள் கூறினர். அவர்கள் மொழியில் அதற்குத் தரகு பெங்கி என்று பெயர். சருகுத் தீ என்று பொருள். முதலில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீ என்றால் காட்டுக்குக் கேடு என்றுதான் நாமெல்லாம் படித்திருக்கிறோம்.

உண்ணிச்செடியும் சருகுத் தீயும்

இரண்டாம் பகை உண்ணிச்செடி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட தென் அமெரிக்கச் செடி இது. இன்று மலைக்காடுகளில் ஆள் உயரத்துக்கு மேல் முள்வேலி போட்டதுபோல் வளர்ந்து நிற்கின்றது. பிலிகிரி ரங்கன் மலையில் 1997-இல் அளவெடுத்த இடங்களில் 41 சதவீதத்தில் இருந்த இது, 2008-இல் 81 சதவீதத்தில் காணப்பட்டது. பதினோரு ஆண்டுகளில் இருமடங்கு! இதன் அடியில் நெல்லிக் கன்று வெளிச்சம் கிடைக்காமல் வெளுத்துச் சாகின்றது. புல் வளர்வதில்லை, புல் இல்லாத இடத்தில் மாடும் மானும் மேய முடிவதில்லை. காய் பறிக்கப் போகிறவருக்கும் வழி இல்லை. புதருக்குள் யானை நின்றாலும் தெரியாது என்பது சோளகரின் மற்றொரு முறையீடு. உயிருக்கு அஞ்சி நெல்லி மரத்துக்குப் போகாமல் திரும்புவோரும் உண்டு.

தீயைப் பற்றி இங்கே சற்று விளக்கம் தேவை. பனி ஈரம் காயாத தை, மாசியில் தரையில் ஊர்ந்து போகும் தீ வேறு. பங்குனி, சித்திரையில் காய்ந்த உண்ணிப் புதரில் பற்றி மரத்தின் தலைவரை எழும் தீ வேறு. முன்னது சருகையும் உண்ணியின் இளம் நாற்றுகளையும் எரித்துவிட்டு அணைந்துவிடும். நெல்லி போன்ற இலையுதிர் காட்டு மரங்களுக்குப் பட்டை தடித்திருப்பதாலும், கன்று எரிந்தாலும் அடியிலிருந்து மறுதளிர் விடுவதாலும் அதைத் தாங்கும் ஆற்றல் உண்டு. பின்னதைப் பெரிய மரமும் தாங்காது. தீயே கூடாது என்று பல ஆண்டுகள் தடுத்து வைத்தால் சருகும் புதரும் மலைபோல் சேர்ந்து, ஒரு நாள் தற்செயலாகப் பற்றும் தீ பெருந்தீயாகின்றது. இதன் பொருள் நாளைக்கே தீப்பெட்டியோடு காட்டுக்குப் போகலாம் என்பதன்று. உண்ணி பெருகிவிட்ட காட்டில் இன்று தீ வைத்தால் அது பழைய சருகுத் தீயாக இராது, பெருந்தீயாகத்தான் இருக்கும். மேலும் காட்டில் தீ வைப்பது சட்டப்படி குற்றம். முதலில் உண்ணியை வேரோடு களைய வேண்டும். மாதேசுவரன் மலையில் மலைவாழ் மக்கள் உண்ணிக் கழியை வேகவைத்துப் பட்டை நீக்கிப் பிரம்புபோல் வளைத்து நாற்காலியும் கூடையும் முடைகின்றனர். அதனால் மட்டும் உண்ணி ஒழிந்துவிடாது என்றாலும் களைந்தவருக்குக் கூலியாவது கிடைக்கின்றது.

குத்தகைக்கு விட்ட புளியமரம்

காயைப் பறிக்கும் முறை எவ்வளவு முக்கியம் என்று பார்த்தோம். கிளையோடு வெட்டிக் கீழே தள்ளிக் காயை உருவுவது எளிது. மரமேறிக் கையால் பறிப்பது கடினம். எல்லோருக்கும் இது கேடு என்று தெரிந்திருந்தும் கிளையை ஏன் வெட்டுகிறார்கள்?

எங்கள் வீட்டில் வரப்போரமாக நான்கு புளியமரங்கள் இருந்தன. என் தந்தையார் அவற்றை ஆண்டுக் குத்தகைக்கு விடுவார். குத்தகை எடுத்தவர் மூங்கில் கழியால் அடித்து, துரட்டி போட்டு இழுத்து, ஒரு பழம் விடாமல் உலுக்கிக்கொண்டு போவார். பழத்தோடு நுனிக் கிளைகளும் ஒடிந்து விழும். அடுத்த ஆண்டு காய்ப்பு பாதியாகிவிடும். ஓர் ஆண்டு எங்கள் பாட்டியாரின் வற்புறுத்தலால் ஒரே ஆளுக்கு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்து விட்டார். ஆள் முன்பு எடுத்தவரேதான். ஆனால் இம்முறை அவர் கழியைத் தொடவில்லை. ஆள் ஏற்றிக் கிளையை உலுக்கிப் பழம் எடுத்தார். அடுத்த ஆண்டுப் பழமும் அவருடையது அல்லவா!

காட்டிலும் இதே கதைதான். இன்று நான் விட்டுவைத்த காயை நாளை வேறொருவர் பறித்துவிடுவார் என்றால் பிஞ்சாக இருக்கும்போதே பறிக்கத்தான் தோன்றும். கிளையை வெட்டினால் நேரம் மிச்சம். ஒளிந்து பறிக்க வேண்டியிருந்தால் அவசரம் இன்னும் கூடும்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் செய்யப்பட்ட திருத்தம், சரணாலயங்களில் எடுக்கும் வனப் பொருளை அங்குள்ள மக்கள் தம் சொந்தத் தேவைக்கு மட்டுமே பயன்படுத்தலாம், விற்பனைக்கு ஆகாது என்று கூறிற்று. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் பிலிகிரி ரங்கன் மலையில் விற்பனைக்காகச் சேகரிப்பது நிறுத்தப்பட்டது. பாதி வருவாய் போன குடும்பங்கள் காப்பித் தோட்டங்களுக்கும் வெளியூர்களுக்கும் கூலிக்குப் போயின. நெல்லி மரங்களுக்காவது நன்மை கிடைத்ததா? மரமேறுவோர் நின்றபிறகு புல்லுருவியைக் கண்டு வெட்டுவாரும் இல்லை. உண்ணியைத் தடுப்பாரும் இல்லை. பறிக்கும் கையை நிறுத்தியதனால் பகைகள் இரண்டும் நின்றுவிடவில்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நிலைமையை மாற்றிற்று. மரபாகச் சேகரித்து வந்த சிறுவன மகசூலின்மீது மலைவாழ் மக்களுக்கும் மரபுவழி வனவாழ்வோருக்கும் உடைமை உரிமை உண்டு என்று அச்சட்டம் கூறுகின்றது. காட்டைக் காக்கும் பொறுப்பையும் அதிகாரத்தையும் கிராம சபைக்கு அளிக்கின்றது. பிலிகிரி ரங்கன் காடு 2011-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் புலிகள் காப்பகமாக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே சோளகரின் பல கிராம சபைகளுக்குச் சமுதாய வன உரிமையும் வழங்கப்பட்டது. புலிகள் காப்பகத்திலும் இவ்வுரிமை செல்லும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. உரிமைப் பட்டம் கையில் இருப்பதால் மட்டும் நெல்லி பெருகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாண்டுக் குத்தகைக்காரர் கழியைக் கீழே போட்டதற்கான காரணம் அதில் இருக்கின்றது.

எண்ணிப் பார்க்கும் முறை

உங்கள் ஊர்க் காட்டில் நெல்லியோ கடுக்காயோ பூந்திக்கொட்டையோ நன்றாக இருக்கின்றதா என்று அறியப் பட்டப்படிப்பு தேவையில்லை. உரிமையுள்ள கிராம சபையினர் வனத்துறையினரோடு சேர்ந்து செய்யலாம்.

20 மீட்டர் அகலம், 500 மீட்டர் நீளமுள்ள பட்டையாகக் காட்டுக்குள் நடக்க வேண்டும். இது சரியாக ஒரு எக்டர். அதற்குள் நிற்கும் அந்த இன மரங்கள் எல்லாவற்றையும் கன்று, இளமரம், காய்க்கும் மரம் என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். பெரிய மரங்களுக்கு நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து நாலரை அடியில், சுற்றளவை நூல் கொண்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பட்டையை வைத்துக் காடு முழுவதற்கும் முடிவு கட்டாமல், மேடு, பள்ளம், ஓடைக்கரை என்று சில இடங்களில் எடுக்க வேண்டும்.

கன்றுகள் மிகுதியாகவும், இளமரங்கள் அதனிற் குறைவாகவும், பெரிய மரங்கள் அதனினும் குறைவாகவும் இருந்தால் காடு நலமாக இருக்கின்றது. கன்றும் பெரிய மரமும் இருந்து இளமரம் இல்லையென்றால் காய் பறிப்பைச் சந்தேகிக்க வேண்டாம். முளைத்தது வளராமல் ஏதோ தடுக்கின்றது. மேய்ச்சலா, தீயா, உண்ணியா என்று பாருங்கள். கன்றே இல்லையென்றால்தான் விதை குறைவா என்ற ஐயம் வர வேண்டும். அப்போது சில ஆண்டுகளுக்கு நன்றாகக் காய்க்கும் சில மரங்களைப் பறிக்காமல் அடையாளமிட்டு விடலாம். எத்தனை மரம் என்று எல்லா ஊருக்கும் ஒரே எண்ணைச் சொல்வது சரியன்று. ஒருமுறை ஒரு மலைக் கிராமக் கூட்டத்தில் நான் நூற்றுக்கு இருபது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “காய்ப்பே இல்லாத வருசத்துக்கும் அதே இருபதுதானுங்களா?” என்றார். அன்றுமுதல் எண்ணைச் சொல்வதில்லை. ஆண்டுதோறும் எண்ணுங்கள் என்றே சொல்லி வருகின்றேன்.

நெல்லி கோடையில் பூக்கும். பூ கருவுற்றபின் கரு வளராமல் பல வாரங்கள் உறங்கிக் கிடந்து, மழை வந்தபிறகே காய் பெருக்கின்றது. ஆகவே மழை முடிந்த ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஆண்டின் காய்ப்பை மதிப்பிட்டுவிடலாம். சில மாதிரி மரங்களில் ஒரு கிளைக் காயை எண்ணிக் கிளைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, நூறு காயின் எடையைக் கொண்டு கணக்கிட்டால் தோராயமான மகசூல் தெரியும். விலை பேசும்போது இந்தக் கணக்கு கையில் இருப்பது பெரிய பலம். எவ்வளவு வரும் என்று வியாபாரிக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாமல் இருப்பதைவிட நஷ்டம் வேறில்லை.

சொந்த நிலத்தில்

மானாவாரி நிலத்தில் நெல்லி நட விரும்புவோர்க்குப் பவானிசாகரில் வெளியிடப்பட்ட பி.எஸ்.ஆர். 1, வடநாட்டு என்.ஏ. 7 போன்ற ஒட்டு வகைகள் கிடைக்கின்றன. தோட்டத்து நெல்லி பெருகினால் காட்டின் சுமை குறையும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அது பாதி உண்மையே. தோட்டக் காய் சந்தையில் நிறைந்தால் காட்டுக் காயின் விலை இறங்கும். காட்டை நம்பியிருப்பவர் அதே பணத்துக்கு இன்னும் கூடுதலாகப் பறிக்கவும் நேரலாம். காட்டுக் காயைத் தனியே பிரித்து, காய வைத்தோ தேனில் ஊறவைத்தோ சங்கத்தின் மூலம் விற்றால் இந்தப் போட்டியிலிருந்து ஓரளவு தப்பலாம்.

வேலியோரத்திலும் வரப்பிலும் தாமாக முளைத்த நாட்டு நெல்லி இருந்தால் அவற்றை அழித்துவிட வேண்டாம். ஆனால் புல்லுருவி பிடித்திருந்தால் கட்டாயம் கவனிக்க வேண்டும். இலையை மட்டும் கிள்ளி எறிந்தால் உள்ளே நுழைந்த வேர் மீண்டும் தளிர்க்கும். ஒட்டிய இடத்துக்குக் கீழே, நல்ல கிளைப் பகுதியில் வெட்டிக் கிளையோடு நீக்க வேண்டும். அடிமரத்தில் பிடித்திருந்தால் அவ்வாறு வெட்ட முடியாது. புல்லுருவியைச் செதுக்கி எடுத்துவிட்டு ஆண்டுதோறும் வரும் தளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மாசி, பங்குனியில் நெல்லி இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும்போது புல்லுருவி மட்டும் பச்சைக் கொத்தாகத் தனித்துத் தெரியும். கீழிருந்தே எண்ணிவிடலாம். அதன் பழம் பழுக்குமுன், சிட்டுகள் வருமுன் வெட்டிவிடுவது நல்லது. காய் பறிக்க மரமேறும் ஆளிடமே இதற்கும் ஒரு அரிவாளைக் கொடுத்தனுப்பினால் தனிக்கூலி ஆகாது. பக்கத்து வயல்காரரின் மாமரத்தில் பிடித்திருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி, இரண்டையும் ஒரே வாரத்தில் வெட்டுங்கள்.